1660 சூப்பரை மாற்றலாமா? சென்னையில் 22 ஃபிரேம், வாகைக்குளத்தில் திணறல்

தாமிரபரணி_டவர்
ஆகஸ்ட் 11, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி. இன்றைக்குத்தான் முதல் கேள்வி.

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. அதில் 40,000 வரை கம்ப்யூட்டருக்கு என்று மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன். மனசுக்குள் மட்டும்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடிக்குத் தட்டோடு பதிக்கவேண்டும் என்று வீட்டிலும் அதே பணத்தின் மேல் கண்.

என் பெட்டி: பிராசசர் ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி, கரண்ட் கொடுக்க 500 வாட் எஸ்எம்பிஎஸ், 24 அங்குல 1080பி மானிட்டர். 2020 கடைசியில் இங்கே ஒரு கடையில் பூட்டித் தந்தது. ஓட்டுவது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, பெரும்பாலும் அதில் ஃப்ளைபைவயர் என்கிற குழு இலவசமாகத் தரும் ஏ320 விமானம். சென்னையில் ஏறி வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில், இறங்குவதுதான் வாடிக்கை. கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் இதுதான் உலகம்.

சென்னையில் கேட்டிலிருந்து பின்வாங்கும்போது விநாடிக்கு 22 ஃபிரேம், அதாவது 22 படம். மேலே ஏறிவிட்டால் 45. வாகைக்குளத்தில் கடைசி இரண்டு மைலில் படம் அரை விநாடி நிற்கும், ஓடும், மறுபடி நிற்கும். 2025 ஜூலை 26 அன்று அங்கே புது முனையத்தைத் திறந்தார்கள். 1350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3115 மீட்டருக்கு நீட்டிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் கோவில் கொடையில் ஸ்லைடு போடுகிற மாதிரி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

புதுக் கார்டாக ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கலாமா, இல்லை 16 ஜிபி உள்ள 5060 டிஐ வரை போகலாமா? கடைக்காரர் இரண்டாவதைத்தான் சொல்கிறார்.


உப்பளம்_28
ஆகஸ்ட் 11, இரவு 11.48

கடைக்காரர் பெரியதைத்தான் சொல்வார் அண்ணே. வாங்காதீங்க என்று சொல்கிற கடைக்காரர் இருந்தால் முகவரி கொடுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் எக்ஸ்-பிளேன் 12 ஆள், அது வேறொரு விமான சிம். அதில் ஒரு ஃபிரேமுக்கு சிபியு (பிராசசர்) எத்தனை மில்லி விநாடி எடுத்தது, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) எத்தனை எடுத்தது என்று திரையிலேயே எழுதிக்காட்ட வைக்கலாம். எது பெரிய எண்ணோ அதுதான் குற்றவாளி. உங்கள் சிம்மிலும் ஏதாவது இருக்கும், பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ஆகஸ்ட் 12, காலை 6.15

தம்பி, காசை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது.

சிம்மில் டெவலப்பர் மோடை இயக்குங்கள். மேலே வருகிற மெனுவில் எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால், ‘லிமிட்டட் பை மெயின்த்ரெட்’ என்றோ ‘லிமிட்டட் பை ஜிபியு’ என்றோ அதுவே சொல்லும். சென்னை கேட்டில் நிற்கும்போது பாருங்கள், பறக்கும்போது ஒருமுறை பாருங்கள். அப்புறம் கேட்டில் நின்றுகொண்டே ரெண்டர் ஸ்கேலிங்கை 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். படம் கலங்கலாகத் தெரியும், தெரியட்டும். கார்டு வரையவேண்டிய புள்ளிகள் இப்போது கால்பங்குதான். அப்படியும் ஃபிரேம் ஏறவில்லை என்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றிப் பயன் இல்லை.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறவேண்டாம். சிபியு 35 சதவீதம்தான் ஓடுகிறது என்று காட்டும். அது ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் எல்லாவற்றுக்குமான சராசரி. அதில் ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது.

நம்மூர் சொதி விருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க ஆறு பேர், தேங்காய்ப்பால் பிழிய நாலு பேர். ஆனால் அடுப்படியில் கரண்டி பிடிப்பவர் ஒரே தவசுப்பிள்ளை. அவர் இறக்கிக் கொடுத்தால்தான் பந்திக்கு வரும். சிம்மில் அந்த ஒற்றை ஆள்தான் மெயின் த்ரெட். காற்று இறக்கையில் எப்படிப் படுகிறது, ஏ320-இன் கணினி என்ன நினைக்கிறது, மற்ற விமானங்கள் எங்கே நிற்கின்றன, இந்த ஃபிரேமில் எதை எதை வரையவேண்டும் என்று பெரும்பாலானதை அவர் ஒருவரே வரிசையாக முடிக்கவேண்டும். கிராபிக்ஸ் கார்டு பரிமாறுகிறவர். சொதியே இறங்காதபோது பரிமாற இன்னும் பலசாலியான ஆளைக் கூட்டிவந்து நிறுத்தி என்ன செய்ய?

சென்னை மாதிரி பெரிய விமான நிலையம், கண்ணாடிக் காக்பிட், ஏ320. மூன்றும் தவசுப்பிள்ளையின் வேலை. என் கணிப்பு மெயின்த்ரெட். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


சாரல்_தென்காசி
ஆகஸ்ட் 12, காலை 9.02

அண்ணாச்சி சொல்வது எல்லாம் சரி, உவமை கொஞ்சம் பழசு. இப்போது பரிமாறுகிறவரே சமைக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

40 வரிசை ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றைக் கார்டே தயார்செய்து செருகும். அதற்கு மெயின் த்ரெட்டிடம் போய் நிற்கவேண்டியதில்லை. 30 வந்தால் 60 மாதிரித் தெரியும். சுட்டு விளையாடுகிற கேமில் கை தாமதம் உறுத்தும். ஏ320-ஐ இறக்குகிறவருக்கு அந்தத் தாமதம் பெரிதாக ஒன்றும் செய்யாது. சிபியு இழுக்கிற சிம்முக்குக் கார்டால் செய்யக்கூடிய உருப்படியான உதவி இது. இதை மறைத்துவிட்டு ‘கார்டு மாற்றிப் பயன் இல்லை’ என்று தம்பியிடம் ஒரேயடியாகச் சொல்லக்கூடாது.

படத்தைச் சின்னதாக வரைந்து ஏஐ கொண்டு பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்ஸும் 1660-இல் கிடையாது. அதற்கு வேண்டிய டென்சர் கோர்களே அதில் இல்லை. நான் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவள். 4060-க்கு மாறியதிலிருந்து பகலில் அது சோறு போடுகிறது, ராத்திரியில் குற்றால மலை மேல் செஸ்னா ஓட்டுகிறது.


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ஆகஸ்ட் 12, காலை 9.40

அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிப்படை 30 நிலையாக வந்தால்தான் அந்த 60 நன்றாக இருக்கும். இவருக்கு வருவது 22. அதை 44 ஆக்கினால் எண் பெரிதாகுமே தவிர, ஸ்டிக்கை அசைத்தால் விமானம் 22-இன் வேகத்தில்தான் பதில் சொல்லும். இருப்பதை வைத்து முதலில் 30-ஐ எட்டட்டும்.

இன்னொன்று. இவர் போர்டு பி450, அதில் போர்டுக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள பாதை பிசிஐஇ 3.0. 4060 எட்டு லேனில் மட்டும் பேசுகிற கார்டு. 3.0-இல் எட்டு லேன் என்றால் விநாடிக்கு 8 ஜிபி போலத்தான். 3060 பதினாறு லேன் கார்டு, அதற்கு அந்தப் பாதை இரண்டு மடங்கு. கார்டின் நினைவகம் நிரம்பாதவரை இது பெரிய விஷயம் இல்லை. நிரம்பி வழிய ஆரம்பித்தால் அந்தப் பாதை வழியாகத்தான் டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் ராமுக்கும் கார்டுக்கும் அலையவேண்டும். வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்குக் கீழே சாயங்காலம் ஆறு மணி நெரிசல் மாதிரி.


முப்பந்தல்_காற்று
ஆகஸ்ட் 12, மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கண்ணில் மாட்டிக்கொள்ளும் விஆர் பெட்டி மாட்டும் எண்ணம் இருக்கிறதா அண்ணே? இருந்தால் இந்தப் பேச்செல்லாம் தலைகீழாகிவிடும். குவெஸ்ட் 2-இல் ஒரு கண்ணுக்கு 1832-க்கு 1920 புள்ளி, அப்படி இரண்டு கண். அங்கே கார்டுதான் ராஜா. என் பழைய 2060 அதில் மண்டியிட்டுவிட்டது. மானிட்டரில் மட்டும்தான் என்றால் அண்ணாச்சி பேச்சைக் கேளுங்கள்.

நான் காற்றாலையில் வேலை பார்க்கிறவன், சொந்த அனுபவம் ஒன்று. வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவா, சதுர அலையா என்று பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில, சதுர அலையில் கரண்ட் மாறும் நொடியில் பொத்தென்று அணைந்துவிடும். புதுக் கார்டு பழுது என்று நினைத்து நான் மூன்று வாரம் அலைந்தேன்.


தாமிரபரணி_டவர்
ஆகஸ்ட் 13, இரவு 12.35

விஆர் இல்லை. மாட்டினால் வீட்டில் கூப்பிடுவது கேட்காது, அது வேறு ஆபத்து.

சோதனை செய்தேன். சென்னை கேட்டில் சிவப்பாக ‘லிமிட்டட் பை மெயின்த்ரெட்’. ரெண்டர் ஸ்கேலிங் 100-இல் 22, 50-இல் 23. அண்ணாச்சி, வாயில் சர்க்கரை போடவேண்டும்.

மேலே 30,000 அடியில் சில சமயம் மெயின்த்ரெட், சில சமயம் ஜிபியு என்று மாறி மாறி வருகிறது. அங்கே 45 போதும் எனக்கு.

ஆனால் வாகைக்குளம் குழப்புகிறது. குட்டி இடம், டிராஃபிக்கும் இல்லை. அங்கே ஏன் நிற்கவேண்டும்? இன்று நேராக வாகைக்குளத்திலேயே விமானத்தை வைத்து ஒரு சுற்றுப் பறந்து இறங்கினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பறந்து வந்தால் மட்டும் திணறுகிறது.


உப்பளம்_28
ஆகஸ்ட் 13, காலை 7.10

அப்படியென்றால் இடம் காரணம் இல்லை அண்ணே, நேரம்தான் காரணம். ஏதோ ஒன்று மெல்ல மெல்ல நிரம்புகிறது. ராமைப் பாருங்கள். பக்கத்தில் பிரவுசரில் எத்தனை டேப் திறந்திருக்கிறது? ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை இறக்கி வைக்கிற பேஜ் ஃபைல் எந்த டிஸ்கில்?


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ஆகஸ்ட் 13, காலை 7.25

உப்பளத்தார் சரியாகப் பிடித்துவிட்டார். கூடவே இதையும் பாருங்கள் தம்பி: 16 ஜிபி ஒரே குச்சியா, இரண்டு எட்டா? எந்த வேகத்தில் ஓடுகிறது? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகமும் ஸ்லாட்டும் தெரியும். அதை நம்பலாம்.


தாமிரபரணி_டவர்
ஆகஸ்ட் 13, இரவு 11.55

சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரே குச்சி. 16 ஜிபி. நாலு ஸ்லாட்டில் மூன்று காலி. குச்சியின் மேல் 3200 என்று ஸ்டிக்கர், ஓடுவது 2400-இல். ஐந்து வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது. பூட்டித் தந்தவர் சொல்லவில்லை, நானும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னும் கேளுங்கள். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கிறது. பேஜ் ஃபைலை மட்டும் பழைய ஹார்ட் டிஸ்கில் வைத்தவன் நான்தான். ‘எஸ்எஸ்டி தேய்ந்துவிடும்’ என்று எங்கேயோ படித்துவிட்டு 2021-இல் செய்த காரியம். பறந்து ஒரு மணி நேரத்தில் ராம் 15.6 ஜிபி. பிரவுசரில் 31 டேப், அதில் பாதி ஓடுபாதை வரைபடம், மீதி கிராபிக்ஸ் கார்டு விலை.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்த தூசியைக் கொண்டு ஒரு பாத்தி கட்டலாம். அதையும் ஊதினேன்.


சாரல்_தென்காசி
ஆகஸ்ட் 14, காலை 8.30

கார்டு விலை பார்க்கிற டேப்பால் ராம் நிரம்பி, அதனால் கார்டு மாற்றத் தோன்றியிருக்கிறது. இதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

இன்னொரு 16 ஜிபி குச்சி போடுங்கள், முடிந்தவரை அதே மாதிரி 3200. பயாசில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி பொத்தானை இயக்குங்கள், ராம் ஸ்டிக்கரில் உள்ள வேகத்துக்கு வரும்; சில போர்டில் டிஓசிபி என்று இருக்கும். ரைசனுக்கு ராம் வேகம் ரொம்ப முக்கியம். ஒரே குச்சியில் பாதை ஒன்றுதான், இரண்டு போட்டால் பாதை இரண்டு. பழையதும் புதியதும் ஒத்துப்போகாமல் நீலத்திரை வந்தால் 3000-க்கு இறக்கிப் பாருங்கள்.


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ஆகஸ்ட் 14, காலை 8.50

டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல் எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்? 200 என்றால் 100-க்கு இறக்குங்கள். அது எவ்வளவு தூரம் வரை நிலத்தைத் துல்லியமாகக் காட்டவேண்டும் என்கிற கணக்கு. ஆரம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு, அதைத் தயார்செய்வது மறுபடியும் நம் தவசுப்பிள்ளை. சென்னையில் தரையில் நிற்கும்போது 200 எதற்கு? மலை பார்க்கப் போகும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம்.

மலை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சென்னை வாடிக்கையை விட்டுவிட்டு ஒருநாள் திருவனந்தபுரத்தில் ஏறி வாகைக்குளம் வாருங்கள். நேர்கோட்டில் 67 கடல் மைல்தான். ஏறிக் கொஞ்ச நேரத்தில் இடதுபக்கம் அகத்தியர் மலை நிற்கும், 1868 மீட்டர், ஏறக்குறைய 6,130 அடி. அதைத் தாண்டியதும் காரையாறு அணை, பாபநாசம், அப்புறம் தாமிரபரணி இரண்டு பக்கமும் வயலை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வரும். வலதுபக்கம் தூரத்தில் விஜயநாராயணம். அங்கே கடற்படையின் கோபுரங்கள் நிஜத்தில் 471 மீட்டர் உயரம். நம் பக்கத்தில் தாழப் பறக்கிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். சிம்மில் நிற்கிறதோ இல்லையோ, நான் அந்தப் பக்கம் 3000 அடிக்குக் கீழே போவதில்லை. பழக்கம்.


உப்பளம்_28
ஆகஸ்ட் 14, காலை 9.15

அண்ணாச்சி கார்டை விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்தப் பாதை உண்மையிலேயே அருமை. எக்ஸ்-பிளேனில் ஆர்த்தோ4எக்ஸ்பி வைத்து மணிமுத்தாறு முதல் கடற்கரை வரை செயற்கைக்கோள் படத்தை நானே ஒட்டி வைத்திருக்கிறேன். டிஸ்க் போகட்டும், எங்கள் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிகின்றன, அது போதும்.


தாமிரபரணி_டவர்
ஆகஸ்ட் 19, இரவு 11.05

கணக்கு ஒப்படைக்கிறேன்.

இரண்டாவது 16 ஜிபி குச்சி போட்டாயிற்று, எக்ஸ்எம்பி 3200, நீலத்திரை வரவில்லை. பேஜ் ஃபைலை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். சென்னை கேட்டில் 22 இருந்த இடத்தில் 27. டெரெய்னை 200-லிருந்து 100 ஆக்கினேன், 32. ஏஐ டிராஃபிக்கை (சிம்மே ஓட்டும் மற்ற விமானங்கள்) பாதியாக்கியதும் 34. வாகைக்குளத்தில் திணறல் சுத்தமாக இல்லை. மூன்று முறை சென்னையிலிருந்து வந்து இறங்கிப் பார்த்துவிட்டேன். கீழே தொடும்போது கையில் ஸ்டிக் அசைவதும் திரையில் மூக்கு அசைவதும் ஒன்றாக நடப்பதை ஐந்து வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ‘லிமிட்டட் பை மெயின்த்ரெட்’ இன்னும் சிவப்பாக உறுத்துகிறது. பிராசசர் மாற்றினால்?


முப்பந்தல்_காற்று
ஆகஸ்ட் 19, இரவு 11.30

வந்துவிட்டது வியாதி.


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ஆகஸ்ட் 20, காலை 6.20

உங்கள் போர்டை மாற்றாமல் போடக்கூடியதில் சிம்முக்கு நல்லது ரைசன் 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி. பயாசை மட்டும் புதுப்பிக்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால் 5700எக்ஸ்3டி-யின் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், உங்கள் 3600 கொஞ்சம் கூடவே, 4.2. கட்டமைப்பும் ஒரு தலைமுறை புதிது, ஆனால் பெரிய விஷயம் எல்3 கேஷ், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம். 3600-இல் 32 எம்பி, அதுவும் மூன்று கோருக்குப் பதினாறு என்று இரண்டாகப் பிரித்தது. 3டி-யில் 96 எம்பி, எட்டுக் கோருக்கும் பொது. சிம் அடிக்கடி கேட்கிற விவரம் ராம் வரை போய் எடுத்துவரவேண்டாம். தவசுப்பிள்ளை உப்புக்கும் புளிக்கும் கடைக்கு ஆள் அனுப்பாமல் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது மாதிரி.

ஆனால் அது இப்போது புதிதாக எளிதில் கிடைப்பதில்லை. ஏஎம்5 என்கிற அடுத்த தலைமுறை போர்டுக்கு மாறுகிறவர்கள் விற்கும்போது பிடிக்கவேண்டும். கூலரும் பாருங்கள். 3600 65 வாட், இது 105. டப்பாவோடு வந்த சின்னக் கூலர் நம்மூர் வெயிலுக்குத் தாங்காது.


சாரல்_தென்காசி
ஆகஸ்ட் 20, காலை 10.00

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசரை மாற்றிய மறுநாள் அந்தச் சிவப்பு எழுத்து ‘லிமிட்டட் பை ஜிபியு’ என்று மாறும். அன்றைக்கு நான் இங்கே வந்து ஒரு வார்த்தை சொல்வேன்.


தாமிரபரணி_டவர்
செப்டம்பர் 6, இரவு 11.40

சாரல் அக்கா, வந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.

கோயம்புத்தூரில் ஒருவர் ஏஎம்5-க்கு மாறியபோது அவரது 5700எக்ஸ்3டி-யை வாங்கினேன். மச்சான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். முதலில் பயாஸ். புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டு காலி என்பதால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து செய்தேன். நம்மூரில் கரண்டை நம்புகிற நேரம் அதுதான்.

சென்னை கேட்டில் இப்போது 41. டெரெய்ன் 150-இல். ஆனால் மெயின்த்ரெட்டுக்கு வேலை குறைந்து, கார்டு 98 சதவீதம் ஓடுகிறது. இப்போது ரெண்டர் ஸ்கேலிங்கை இறக்கினால் ஃபிரேம் ஏறுகிறது! ஆகஸ்டில் அசையாத எண் இப்போது அசைகிறது.

2020-க்கு இதுவே தாராளம். ஆனால் சிம்மின் அடுத்த பதிப்பான 2024-ஐ ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்த்தேன். கார்டின் 6 ஜிபியையும் நிரப்பிவிட்டது. வெளியே பார்த்துவிட்டுக் காக்பிட்டுக்குத் திரும்பினால் திரைகள் எல்லாம் மங்கலாகி, இரண்டு விநாடி கழித்துத் தெளிகின்றன.


சாரல்_தென்காசி
செப்டம்பர் 7, காலை 8.15

ஆகஸ்ட் என்று ஒரு மாதம் இருந்தது, நினைவிருக்கிறதா? சொல்லிவிட்டேன். இனி வேலைக்கு வருவோம். 2024-க்குப் பரிந்துரை என்று அவர்களே போட்டிருப்பது 8 ஜிபி கார்டு நினைவகம், 32 ஜிபி ராம். ராம் உங்களிடம் இருக்கிறது. 6 ஜிபியில் டெக்ஸ்சரை ‘மீடியம்’ ஆக்கினால் ஓடும். நானே 8-இல் ‘அல்ட்ரா’ வைப்பதில்லை. அதனால் என் கார்டையே உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பி450-க்கு, 1080பி-க்கு, 12 ஜிபி உள்ள 3060 போதும். ஃபிரேம் ஜெனரேஷன் அதில் இல்லை. உங்களுக்கு அடிப்படையே 40 வருவதால் இப்போது அது அவசியமும் இல்லை. வேண்டுமென்றால் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்று ஸ்டீமில் ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, எந்தக் கார்டிலும் ஃபிரேமை இரட்டிக்கும். படம் ஓரங்களில் கொஞ்சம் நெளியும்.

டிஎல்எஸ்எஸ் போட்டால் உயரமானியின் எண்கள் ஓடும்போது வால் விடும், பயப்படவேண்டாம். ‘குவாலிட்டி’யில் வைத்தால் குறையும்.


முப்பந்தல்_காற்று
செப்டம்பர் 7, மதியம் 1.10

பழைய 3060 வாங்கினால் மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் எடுக்க இரவும் பகலும் ஓட்டுவது) ஓடியதா என்று பாருங்கள். எதீரியம் என்கிற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கைக் கைவிட்டபோது கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ஒருவர் எனக்கு ‘வீட்டில் மட்டும் ஓட்டியது’ என்று விற்ற கார்டைக் கழற்றினால் உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் எண்ணெய் விட்டிருந்தது. அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, திரையில் புள்ளி கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 12 ஜிபி என்று எழுதியிருப்பதையும் கண்ணால் பாருங்கள். 8 ஜிபி உள்ள 3060-ம் ஒன்று உண்டு, அதன் பாதையும் குறுகல்.

அது 170 வாட் கார்டு, என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். உங்கள் 500 என்ன தரம்?


தாமிரபரணி_டவர்
செப்டம்பர் 7, இரவு 10.50

பெயர் தெரியாத தரம். ஸ்டிக்கரில் 500 என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கனமும் இல்லை, தூக்கினால் சொளவு மாதிரி இருக்கிறது.


பாலத்துக்கு_அந்தப்பக்கம்
செப்டம்பர் 8, காலை 6.10

அப்படியானால் முதலில் அதை மாற்றுங்கள். எடையை வைத்தே சொல்லிவிடலாம் சிலதை. 105 வாட் பிராசசர், 170 வாட் கார்டு, சாயங்காலம் இறங்குகிற வோல்டேஜ். நல்ல 650 ஒன்று வாங்கினால் அடுத்த பெட்டிக்கும் வரும். கார்டு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.


தாமிரபரணி_டவர்
செப்டம்பர் 28, இரவு 11.15

650 வாட் எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கினேன். 3060 12 ஜிபி பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பையனிடம், அவன் வீட்டிலேயே முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து. அவன் அம்மா காப்பி கொடுத்தார்கள். ஃபேன் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த என்னை என்ன நினைத்தார்களோ.

2020-இல் சென்னை கேட்டில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டியில் 49. 2024-இல் காக்பிட் மங்குவது இல்லை. உயரமானி வால் விடுவது உண்மைதான், இரண்டு நாளில் கண் பழகிவிட்டது. ராம், பிராசசர், கூலர், எஸ்எம்பிஎஸ், கார்டு எல்லாம் சேர்த்து, 3600-ஐ விற்ற காசு போக, நினைத்த 40,000-ஐத் தாண்டவில்லை. 5060 டிஐ மட்டும் வாங்கியிருந்தால் பணம் முழுக்கப் போயிருக்கும், சென்னையில் 22-தான் நின்றிருக்கும். தட்டோடு வேலையும் சீட்டு மிச்சத்தில் நேற்று ஆரம்பமாகிவிட்டது. கொத்தனார் மேலே தட்டுகிற சத்தத்தில் பகலில் எழுத முடியாமல் இப்போது எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்ன மலைப்பாதையையும் பறந்தேன். அகத்தியர் மலைக்கு மேலே மேகம் மூடியிருந்தது. காரையாறு வந்ததும் திறந்தது.

பழைய 1660 சூப்பர் விற்பனைக்கு. டப்பா, பில் இரண்டும் இருக்கிறது. வீட்டுக்கே வந்து ஓட்டிப் பார்த்து வாங்கலாம்.


குறுக்குத்துறை_கிளைடர்
செப்டம்பர் 29, காலை 7.45

அண்ணே, புது ஆள். நான் 1050 வைத்திருக்கிறேன், சிம் ரொம்பத் திணறுகிறது. உங்கள் 1660-ஐ வாங்கினால் சரியாகுமா? மைனிங் ஓடியதா?


தாமிரபரணி_டவர்
செப்டம்பர் 29, காலை 7.58

மைனிங் இல்லை தம்பி, ஜெராக்ஸ் கடைக்காரன் கார்டு. கொடுக்கிறேன். அதற்கு முன்னால் டெவலப்பர் மோடைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே பெட்டியைத் திறந்து, ராம் எத்தனை குச்சி என்றும் எண்ணிவிடுங்கள்.